செலவுக் கணக்கில் சேராத சம்பளம்

நூற்பாலையில் சம்பாதித்த குடும்பம் மருத்துவமனை கட்டுகிறது. பிறகு பொறியியல் கல்லூரி, அதன் பிறகு மென்பொருள் நிறுவனம். நம் வாசகர்களில் பலருக்கு இது சொந்த வீட்டுக் கதை. முதல் தொழிலில் முதலாளியின் முகத்தைத் தொழிலாளி அறிவார், அவருடைய சொல்லுக்கு என்ன மதிப்பு என்பதையும் அறிவார். மூன்றாவது தொழிலுக்குள் நுழையும்போது அந்த நேர்மையும் கூடவே வருகிறதா? ஜப்பானின் கசுவோ இனமோரியின் வாழ்க்கை இந்தக் கேள்விக்கு நேராகப் பதில் தருகிறது. செராமிக், தொலைபேசி, விமானம் என ஒன்றோடொன்று ஒட்டாத மூன்று துறைகளில் அவர் ஒரே நெறியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

1932இல் ககோஷிமாவில் பிறந்த அவர், 1959இல் கியோட்டோவில் தொடங்கிய சிறு நிறுவனம்தான் பின்னாளில் கியோசெரா ஆனது. மின்னணுக் கருவிகளுக்கான செராமிக் பாகங்கள் செய்தார்கள். 1961இல், முந்தைய ஆண்டு வேலைக்குச் சேர்ந்த பள்ளிப் படிப்பு முடித்த இளைஞர்கள் கோரிக்கைக் கடிதத்தோடு வந்து நின்றார்கள்: சம்பள உயர்வுக்கும் போனஸுக்கும் உத்தரவாதம் வேண்டும், இல்லையென்றால் போகிறோம் என்றார்கள். அவர்களை வீட்டுக்கு அழைத்துப்போய் மூன்று நாள் பேசினார். தன் தொழில்நுட்பத்தை உலகுக்குக் காட்டத்தான் நிறுவனம் என்று அதுவரை எண்ணியிருந்தவர், அதன் பிறகு நோக்கத்தையே மாற்றி எழுதினார். ஊழியர்களின் பொருள் வாழ்வும் மனநிறைவும் முதலில் வந்தன. மனித குலத்தின் முன்னேற்றத்துக்குப் பங்களிப்பது அடுத்து வந்தது.

இப்படி நல்ல வாக்கியம் எழுதிய முதலாளிகள் ஏராளம். இனமோரி அந்த வாக்கியத்தைக் கணக்குப் புத்தகத்துக்குள் கொண்டுபோனார். நிறுவனத்தை ‘அமீபா’ என்ற சிறு சிறு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு வைத்தார். குழுவின் வருவாயிலிருந்து செலவுகளைக் கழித்து, எஞ்சியதை எல்லோரும் உழைத்த மொத்த மணி நேரத்தால் வகுக்க வேண்டும். கழிக்கும் செலவுகளில் சம்பளம் கிடையாது. கூலியைச் செலவாகப் பார்க்கும் மேற்பார்வையாளர் ஆள் குறைக்க வழி தேடுவார். இந்தக் கணக்கைப் பார்ப்பவரோ மின்சாரத்தில், கழிவில், வீணாகும் நேரத்தில் என்ன மிச்சம் பிடிக்கலாம் என்று தேடுவார். அந்த எண்ணைக் குழுவின் கடைசி ஊழியரும் பார்க்கலாம், அவருக்கும் அது புரியும். ஊழியரே முதன்மை என்று சுவரில் மாட்டிவிட்டு, லாப நட்டக் கணக்கை அறைக்குள் பூட்டி வைப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

1984இல் தொலைத்தொடர்பில் ஏகபோகம் முடிவுக்கு வரவிருந்த நேரத்தில் டிடிஐ நிறுவனத்தைத் தொடங்கினார். அதற்கு முன் ஆறு மாத காலம், இதில் என் சுயநலம் கலந்திருக்கிறதா என்று இரவுதோறும் தன்னையே கேட்டுக்கொண்டதாக அவர் சொல்லியிருக்கிறார். 2000இல் அந்த நிறுவனம் மற்ற இரண்டோடு இணைந்து கேடிடிஐ ஆனது.

கடினமான சோதனை 2010இல் வந்தது. சுமார் 2.3 லட்சம் கோடி யென் கடனோடு ஜப்பான் ஏர்லைன்ஸ் திவாலானது. அரசு கேட்டுக்கொள்ள, 78 வயதில், சம்பளம் வாங்காமல் தலைவர் பொறுப்பை ஏற்றார். விமானத் தொழில் அவருக்குத் தெரியாது. கியோசெராவிலிருந்து ஒரு சிலரை மட்டுமே அழைத்துச் சென்றார். மூத்த அதிகாரிகளை உட்காரவைத்து, மனிதராக எது சரி என்ற அடிப்படையிலிருந்து பாடம் நடத்தினார். சிறுபிள்ளைப் பாடமா என்று முதலில் முகம் சுளித்தவர்களும் இருந்தார்கள். கூடவே கணக்கும் மாறியது. மாதக் கணக்கில் தாமதமாக வந்துகொண்டிருந்த வரவு செலவு, ஒவ்வொரு விமானப் பயணத்துக்கும் மறுநாளே தெரியத் தொடங்கியது. 2012 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் செயல்பாட்டு லாபம் 20,000 கோடி யென்னைத் தாண்டியது. அந்த செப்டம்பரில் நிறுவனம் மீண்டும் பங்குச் சந்தைக்கு வந்தது.

இந்த மீட்சியைப் புகழ்பவர்கள் சில செய்திகளைத் தாண்டிப்போகிறார்கள். அரசு சார்ந்த அமைப்பு 35,000 கோடி யென் முதலீடு செய்தது. கடன் கொடுத்தவர்கள் பெருந்தொகையை விட்டுக்கொடுத்தார்கள். மறுசீரமைப்புத் திட்டப்படி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஊழியர்கள், சுமார் 16,000 பேர், வேலையை இழந்தார்கள். பெரும்பாலோர் விருப்ப ஓய்வில் போனார்கள். 2010 டிசம்பர் 31 அன்று விமானிகளும் பணிப்பெண்களுமாக 165 பேர் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். அவர்களில் பலர் தொடுத்த வழக்கு 2015இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. பொறுப்பேற்றதற்கு அவர் சொன்ன காரணங்களுள் ஒன்று, மீதமிருக்கும் ஊழியர்களின் வேலையைக் காப்பது. போனவர்களுக்கு அந்த நெறி என்ன தந்தது என்ற கேள்விக்கு அவருடைய நூல்களில் நிறைவான பதில் கிடைக்கவில்லை.

எனக்கு அவர் மீது மரியாதை குறையவில்லை. ஆனால் இரண்டாவது, மூன்றாவது தொழிலுக்குத் திட்டமிடும் நம் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். குழுக் கணக்கைத் தொழிலாளிக்குத் திறந்து காட்டுங்கள். சம்பளத்தைச் செலவுப் பத்தியிலிருந்து எடுங்கள். தொழில் சுருங்கினால் வெளியேற வேண்டியவருக்கு எத்தனை மாத அவகாசம், எவ்வளவு தொகை, குழுமத்தின் வேறு தொழிலில் இடம் உண்டா என்பதைத் தொழில் நன்றாக ஓடும்போதே எழுதி, அவர்கள் கையில் கொடுங்கள்.