“முதல்ல இலைச்சாப்பாடு, அப்புறம்தான் தூண்!” - காரைக்குடிக்கு அழைத்துப்போகும் திருச்சி இன்டீரியர் குழு

“ஹால்ல ரெண்டு செட்டிநாட்டுத் தூண் நிறுத்தணும். மத்ததெல்லாம் உங்க இஷ்டம்.”

திருச்சியில் புது ஃப்ளாட் வாங்கிய அந்த ரயில்வே ஓய்வூதியர் கேட்டது இது ஒன்றுதான். அவருடைய ஆச்சி வீட்டு முகப்பில் அப்படித் தூண்கள் இருந்தனவாம். சின்ன வயதில் ஒன்றைக் கட்டிப்பிடித்தால் இரண்டு கையும் எட்டாதாம். அந்த வீடு கைமாறி வருடங்கள் ஆகிவிட்டன. தூண் மட்டும் மனதில் நிற்கிறது.

வேலையை எடுத்துக்கொண்டது நான்கு பேர் கொண்ட சின்ன இன்டீரியர் குழு. டிசைனர் அக்கா, வரைபடம் போடும் தம்பி, கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் படித்த ஓவியப் பெண், 30 வருடமாக மரத்தோடு பேசும் கார்பென்டர் அண்ணன். வியாபாரிகளோடு தினமும் பழக வேண்டியவர்கள் என்பதால் பெயர் வேண்டாம் என்கிறார்கள்.

‘ஆன்டிக் லுக் வேணும்’ என்று யார் வந்தாலும் இந்தக் குழு கேட்லாக்கை நீட்டுவதில்லை. ஒரு நாள் லீவு போடச் சொல்லி காரைக்குடிக்கு அழைத்துப்போகிறது. புதுக்கோட்டை வழியாகச் சுமார் 90 கிலோமீட்டர், இரண்டு மணி நேரப் பயணம். அங்கே கடைக்குப் போவதற்கு முன்னால் சாப்பாடு. அதற்கும் ஒரு காரணம் வைத்திருக்கிறார்கள்.

“சிட்டியில ‘செட்டிநாடு’ன்னு போர்டு போட்ட ஹோட்டல்ல என்ன கொடுக்கிறாங்க? கண்ணுல தண்ணி வர்ற காரம், மேல எண்ணெய். அதுதான் செட்டிநாடுன்னு நினைச்சிட்டு இருக்கோம். வீட்டு அலங்காரத்திலயும் இதேதான் நடக்குது. நாலு பித்தளைப் பாத்திரம், ஒரு ஊஞ்சல், செவுத்துல ரெண்டு முகமூடி... ‘செட்டிநாடு லுக்’னு பில் போட்டுடறாங்க. உண்மையான சாப்பாட்டைச் சாப்பிட்டுட்டா, உண்மையான வீட்டையும் பார்க்கத் தெரியும்” என்கிறார் டிசைனர் அக்கா.

கொஞ்சம் மிகைதான். ஆனால், அன்று காலை டிபனைச் சாப்பிட்டவர்கள் யாரும் மறுக்க மாட்டார்கள். வெள்ளைப் பணியாரம், வரமிளகாய்ச் சட்னி. பச்சரிசியும் உளுந்தும் மட்டும் சேர்ந்த மாவு, ஓரம் லேசாக முறுகி, நடுவில் பஞ்சுபோல உப்பி வரும். கூடவே ரங்கோன் புட்டு. பெயரிலேயே பர்மா இருக்கிறது. ரவையும் வெல்லமும் நெய்யும் சேர்ந்த இந்தப் புட்டும், கறுப்புக் கவுனி அரிசியும், வீட்டுத் தூண்களின் தேக்கும் ஒரே கடல்வழி உறவில் வந்தவை. நகரத்தார் வணிகம் செய்த ஊர்களின் ருசியும் மரமும் ஒன்றாகவே வீட்டுக்குள் நுழைந்திருக்கின்றன.

முதல்முறை போகிறவர்களுக்கு இவர்கள் சொல்வது: மதியம் ‘தி பங்களா’வில் வாழை இலைச் சாப்பாடு வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போக வேண்டும். விலை மெஸ் விலை அல்ல. பட்ஜெட் பார்ப்பவர்கள் ஊருக்குள் இருக்கும் மெஸ்களில் உட்காரலாம். எந்த மெஸ் என்று தெரியாவிட்டால், அன்றைக்கு ‘மண்டி’ உண்டா என்று கேளுங்கள். அரிசி களைந்த தண்ணீரில் புளி கரைத்து, வெண்டைக்காயோ மொச்சையோ போட்டுச் செய்யும் குழம்பு வகை அது. உண்டு என்றால் நம்பி உட்காரலாம். திரும்பும்போது பலகாரக் கடையில் மனகோலமும் சீப்புச் சீடையும் வாங்கிக்கொள்ளலாம். அசைவம் சாப்பிடுபவர்கள் புதுக்கோட்டையில் இறங்கி முட்டை மாஸ் கேட்கத் தவறக் கூடாது என்பது கார்பென்டர் அண்ணனின் தனிப்பட்ட சிபாரிசு.

டிபன் முடிந்து நேராக முனீஸ்வரன் கோயில் தெரு.

பழைய பொருள்களுக்கென்றே கடைகள் வரிசைகட்டி நிற்கும் தெரு இது. வாசலிலேயே மரப்பெட்டிகள், ஒற்றைக் கதவுகள், பெல்ஜியம் கண்ணாடிகள், எனாமல் தூக்குகள். ஸ்வீடன் நாட்டு முத்திரை போட்ட எனாமல் தட்டு திருச்சிக்காரர் வீட்டுச் சுவருக்கு எப்படி வந்தது என்று யோசித்தாலே அரை மணி நேரம் ஓடிவிடும்.

எனாமல் தட்டுகளைப் பார்த்ததும் ரயில்வேக்காரரின் மனைவிக்கு ஆசை வந்துவிட்டது. ஓவியப் பெண் உடனே ஒரு நிபந்தனை போட்டார். “தாராளமா வாங்குங்கம்மா. ஆனா செவுத்துல மாட்ட மட்டும்தான். இதுல சாப்பாடு போட்டுடாதீங்க. பழைய எனாமல் பூச்சுல ஈயம், காட்மியம் இருக்க வாய்ப்பு இருக்கு. அதுவும் ஓரம் உதிர்ந்திருந்தா வேண்டவே வேண்டாம்.”

சாமி படங்களிலும் அவர் கை லென்ஸோடுதான் போனது. ராஜா ரவி வர்மா 1894-ல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தில் இருந்து வந்த கல் அச்சுப் படங்கள் செட்டிநாட்டு வீடுகளில் நிறைய இருந்தன. லட்சுமிக்கும் சரஸ்வதிக்கும் ஜரிகையும் ஜிகினாவும் தைத்து நிஜப் புடவை கட்டிவிட்ட படங்களும் உண்டு. அதே படங்களின் புது நகல்களை டீ டிகாக்‌ஷனில் நனைத்து பழசாக்கி விற்பவர்களும் உண்டு. லென்ஸ் வழியாகப் பார்க்கும்போது புள்ளிகள் வரிசை பிசகாமல் ஒரே ஒழுங்கில் இருந்தால் அது நவீன ஆஃப்செட் அச்சு. பழைய கல் அச்சில் புள்ளிகள் பெரிதும் சிறிதுமாகச் சிதறிக் கிடக்கும். நகலாக இருந்தாலும் பிடித்திருந்தால் வாங்கலாம், தப்பில்லை. நகலுக்கான விலையைக் கொடுத்தால் போதும்.

கூடவே ஒரு சட்ட விஷயம். 100 வருடத்துக்கு மேல் பழைய சிற்பம், ஓவியம் போன்றவை 1972-ம் வருடச் சட்டப்படி தொல்பொருள்கள். அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. அமெரிக்காவில் இருக்கும் மகனுக்கு வெண்கலச் சிலை அனுப்பலாம் என்று யாராவது நினைத்திருந்தால் அந்த யோசனையை இங்கேயே விட்டுவிடலாம். எதை வாங்கினாலும் பில் கேட்டு வாங்கி வைப்பது நல்லது.

தூண் விஷயத்துக்கு வருவோம்.

மூன்றாவது கடையின் பின்பக்கக் கொட்டகையில் அவை படுத்திருந்தன. எட்டுத் தூண்கள், ஒரே செட். பர்மா தேக்கு, கரும்பழுப்பு நிறம், தொட்டால் கண்ணாடி மாதிரி வழுவழுப்பு. ரயில்வேக்காரர் குனிந்து ஒன்றை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துப் பார்த்தார். இப்போது கை எட்டியது.

“இது எங்க இருந்து வந்ததுண்ணே?” என்று டிசைனர் அக்கா கேட்டார்.

“பக்கத்து ஊருதாம்மா. ரெண்டு மாசத்துக்கு முன்னாடி இறக்கினது. பங்காளிங்க ஒம்பது பேரு. ஒருத்தர் சிங்கப்பூர்ல, ரெண்டு பேரு சென்னையில. ஓடு மாத்தவே லட்சக்கணக்குல கேட்குது, யாரு போடுறதுன்னு பேச்சு. கடைசியில எல்லாரும் கையெழுத்துப் போட்டுட்டாங்க” என்றார் கடைக்காரர்.

செட்டிநாட்டில் இது புதுக் கதை அல்ல. ஒரு வீடு ஒருவருக்குச் சொந்தமாக இருப்பதில்லை. தலைமுறை தலைமுறையாகப் பங்கு பிரிந்துகொண்டே வரும். வளவில் ஆளுக்கு ஓர் அறை, கல்யாணத்துக்கும் சாமி கும்பிடவும் மட்டும் வந்து போகும் சொந்தங்கள். 2014-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான தற்காலிகப் பட்டியலில் செட்டிநாட்டுக் கிராமங்கள் சேர்க்கப்பட்டன. பட்டியலில் பெயர் வருவதால் ஒழுகும் கூரை நின்றுவிடாது. ஒரு வீடு இடிபடும்போது முதலில் கதவு போகும், பிறகு தூண், பிறகு தரைக்கல். சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் போட்டு இழைத்த சுவர்ப்பூச்சை மட்டும் யாராலும் கழற்றி எடுத்துப்போக முடியாது.

கொட்டகையிலேயே குழுவுக்குள் வாக்குவாதம் வந்துவிட்டது.

“புதுசா இடிச்ச வீட்டு செட்டு வேண்டாம்ணே. நாம ரெண்டு கேட்டா, அவங்க இன்னும் நாலு வீட்டை விசாரிப்பாங்க” என்றார் டிசைனர் அக்கா.

“நாம வாங்கலைன்னா ரிசார்ட்காரன் வாங்கப்போறான். அவனும் வாங்கலைன்னா மழையில கிடந்து உளுத்துப்போகும். வீட்டை இடிச்சது மனுஷன், தேக்கு என்ன பாவம் பண்ணுச்சு?” என்று கேட்டார் கார்பென்டர் அண்ணன்.

துணையிழந்த ஒற்றைக் கதவு, உடைந்த போதிகை, தனியாக மிஞ்சிய ஜன்னல் சட்டம் இவற்றை வாங்கலாம், முழு செட்டைத் தொடக் கூடாது என்பது குழு வைத்திருக்கும் விதி. “ஒத்தைக் கதவு மட்டும் ஆகாசத்துல இருந்தா விழுந்துச்சு?” என்று அண்ணன் கேட்டதற்கு அங்கே யாரிடமும் பதில் இல்லை. அவருடைய வாதத்தை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிடவும் முடியாது.

முடிவைச் சொன்னது டேப்தான். தம்பி அளந்து பார்த்தார். தூண் 11 அடி. ஃப்ளாட்டின் சீலிங் ஒன்பதே முக்கால்.

“கீழ ஒண்ணேகால் அடி அறுத்துட்டா?” என்று தயங்கித் தயங்கிக் கேட்டார் ரயில்வேக்காரர்.

இதுவரை வாங்கலாம் என்று வாதாடிய கார்பென்டர் அண்ணன் அவரைத் திரும்பிப் பார்த்தார். “சார், வேற ஆள் வெச்சு அறுத்துக்கங்க. என் கையில வாள் ஓடாது.”

மதியச் சாப்பாட்டின்போது யாரும் அதிகம் பேசவில்லை. பாயசம் வரும் நேரத்தில்தான் அந்த அம்மா மெதுவாக ஆரம்பித்தார். “எங்க மாமியாரோட கண்டாங்கி ஒண்ணு பீரோவுல இருக்கு. அரக்கு கலர்ல கட்டம் போட்டது. அவங்க போனப்புறம் யாரும் கட்டல.”

ஓவியப் பெண் இலையை மூடாமலேயே நிமிர்ந்தார்.

காரைக்குடிக் கண்டாங்கிச் சேலை 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற கைத்தறிப் பருத்திச் சேலை. பட்டைக்கரை, கட்டங்கள், அரக்கும் மஞ்சளும் கறுப்புமாக அழுத்தமான நிறங்கள். அந்த நிறங்களே போதும், ஒரு வெள்ளைச் சுவரைத் தூக்கி நிறுத்த.

அதைச் சட்டம் போட்ட விதம் எல்லா வீட்டுக்கும் உதவும். முதலில், ஈர வெள்ளைத் துணியால் ஓர் ஓரத்தை ஒற்றிப் பார்த்தார்கள், சாயம் இறங்குகிறதா என்று. இறங்கவில்லை. அலசி நிழலில் உலர்த்தினார்கள். சேலையை வெட்டவில்லை. கரையும் முந்தியும் தெரிகிற மாதிரி மடித்து, பின்னால் வெள்ளைப் பருத்தித் துணி கொடுத்து, பெரிய பெரிய தையலாகக் கையால் தைத்தார்கள். பசை, டபுள் டேப், ஸ்டேப்ளர் எதுவும் கிடையாது. இவை நாலைந்து வருடத்தில் துணியைத் தின்றுவிடும். கண்ணாடி சேலையைத் தொடாமல் இருக்க ஓரத்தில் அரை அங்குல இடைவெளி விட்டார்கள். தொட்டால் மழைக்காலத்தில் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். வெயில் நேராக விழும் சுவர் வேண்டாம் என்று ஜன்னலுக்கு எதிர்ச்சுவரை விட்டுப் பக்கச்சுவரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

உயரம் இன்னொரு தகராறு. நம் வீடுகளில் முக்கால்வாசிப் படங்கள் அண்ணாந்து பார்க்கும் உயரத்தில்தான் மாட்டப்படுகின்றன. தாத்தா போட்டோ முதல் காலண்டர் வரை எல்லாம் லாஃப்ட்டுக்கு அருகில். படத்தின் நடுப்பகுதி தரையில் இருந்து 57 முதல் 60 அங்குலத்தில் இருந்தால் நின்று பார்ப்பவர் கண்ணுக்கு நேராக இருக்கும். சோபாவுக்கு மேல் என்றால் சோபா முதுகில் இருந்து 6 முதல் 8 அங்குலம் விட்டால் போதும், அகலம் சோபாவில் மூன்றில் இரண்டு பங்கு. புது ஃப்ளாட்களில் எடை குறைந்த ஏஏசி பிளாக் சுவர் என்றால் சாதாரண ஆணி நிற்காது, அதற்கென்று இருக்கும் பிளக்கைக் கேட்டு வாங்க வேண்டும். வாடகை வீட்டுக்காரர்கள் துளையே போடாமல் ஒரு மர பெஞ்சின் மேல் சாய்த்து வைக்கலாம்.

ஆத்தங்குடி டைல்ஸும் கொஞ்சம் வாங்கினார்கள், தரைக்கு அல்ல, பூஜை அலமாரியின் பின்சுவருக்கு. கண்ணாடித் தகட்டின் மேல் சட்டம் வைத்து, சாயக்கலவையை ஊற்றி, மணலும் சிமென்ட்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கும் கல் இது. சூளை கிடையாது. அந்தப் பளபளப்பு கண்ணாடியிடம் வாங்கிய கடன். கனம் அதிகம் என்பதால் ஏற்கெனவே உள்ள டைல்ஸ் மேல் ஒட்டினால் தரை உயர்ந்து கதவு முட்டும். எலுமிச்சையும் புளியும் பட்டால் கறை நிற்கும், ஆசிட் கண்ணிலேயே காட்டக் கூடாது. அடுப்புப் பக்கம் வேண்டாம். கையால் செய்வது, அடுத்த முறை அதே நிறம் வராது. பத்துக்கு ஒன்று உபரியாக வாங்கி வைப்பது உத்தமம்.

மேஜையில் பழம் வைக்க ஒரு கொட்டானும் வந்தது. பனை ஓலையில் முடையும் இந்தச் செட்டிநாட்டுக் கூடை மறைந்துபோகும் நிலையில் இருந்தபோது, விசாலாட்சி ராமசாமி தன் எம்.ஆர்.எம்.ஆர்.எம். கல்ச்சுரல் பவுண்டேஷன் மூலம் கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து மீட்டெடுத்தார். இதற்கும் புவிசார் குறியீடு இருக்கிறது. எந்த வீட்டையும் இடிக்காமல் செட்டிநாட்டில் இருந்து கொண்டுவரக்கூடிய பொருள் வேண்டும் என்றால் இதைத்தான் முதலில் காட்டுகிறார்கள்.

ரயில்வேக்காரருக்கு மனம் முழுதாக ஆறவில்லை. கிரகப்பிரவேசத்துக்கு முதல்நாள், யாருக்கும் தெரியாமல் கடைக்காரருக்கு போன் செய்திருக்கிறார். எட்டுத் தூணும் போன வாரமே லாரி ஏறிவிட்டன, கேரளாப் பக்கம் என்று பதில் வந்திருக்கிறது. இதை அவரே கார்பென்டர் அண்ணனிடம் சொல்லியிருக்கிறார். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லையாம், சட்டத்தின் பின்பலகையை முடுக்கிக்கொண்டிருந்தாராம்.

பின்பலகையில் ஆணி அடிக்காமல் நான்கு ஸ்குரூ மட்டும் போடச் சொன்னது அந்த அம்மா. “பொங்கலுக்கு எடுத்துக் கட்டப்போறேன். கட்டிட்டு அலசிக் காயவெச்சுத் திரும்ப உள்ள வெச்சுடுவேன். ஸ்குரூடிரைவர் ஒண்ணு இங்கயே விட்டுட்டுப் போங்க தம்பி.”