போலிக் கேசட்டும் மெய்யறிவும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவன்

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புவது வெள்ளை மனத்தின் இயல்பு. சென்ற ஆண்டு வரையில் நானும் அத்தகைய வெள்ளை மனத்தினனாகவே இருந்தேன். ஆயிரத்து ஐந்நூறு ரூபாயைத் தொலைத்த பிறகுதான், பால் எது, சுண்ணாம்பு நீர் எது என்று உற்றுப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். "ஆண்டு மலரில் எழுத வேறு பொருளா கிடைக்கவில்லை? வீடியோ கேம் கேசட்டைப் பற்றியா கட்டுரை?" என்று நண்பர்கள் சிலர் நகைக்கலாம். பொறுமையுடன் படித்துவிட்டு அதன் பின் நகைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

என் தந்தையார் காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்குபவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். சனி, ஞாயிறுகளில் ஒரு செல்போன் பழுது பார்க்கும் கடையில் வேலை செய்கிறேன். கடை முதலாளி, யாரோ விட்டுச் சென்ற 'கேம் பாய் அட்வான்ஸ்' என்னும் பழைய கையடக்க விளையாட்டுக் கருவி ஒன்றை ஏழாம் வகுப்புப் படிக்கும் என் தம்பிக்குக் கொடுத்தார். கருவி வந்தது, கேசட் இல்லை. இரண்டு மாதம் பணம் சேர்த்து, பழைய பொருள் விற்கும் ஒரு கடையில் 'போக்கிமான் எமரால்டு' கேசட்டை வாங்கினேன். "ஒரிஜினல் தம்பி! பாருங்க, கம்பெனி பேரே வருது" என்று கடைக்காரர் போட்டுக் காட்டினார். நிண்டெண்டோ என்ற பெயர் திரையில் தோன்றியது. நம்பினேன்.

நாற்பது நாள் தம்பி ஆடினான். ஒரு நாள் காலை கருவியை முடுக்கியபோது, அவன் சேமித்து வைத்திருந்த ஆட்டம் அனைத்தும் அழிந்து போயிருந்தது. அவன் அழுதுகொண்டே கேட்ட கேள்வி இன்னும் என் காதில் ஒலிக்கிறது: "அண்ணா, நான் எதையாச்சும் தப்பா அமுக்கிட்டேனா?"

எங்களைப் போன்ற வீடுகளில் ஒரு பொருள் கெட்டுவிட்டால், பொருளைச் சந்தேகிக்க மாட்டோம். எங்கள் கையைத்தான் முதலில் சந்தேகிப்போம். போலிப் பொருள் செய்யும் பெருந்தீங்கு பண இழப்பன்று. ஏமாற்றப்பட்டவனையே குற்றவாளியாக உணரச் செய்வதுதான் என்பேன்.

போலி எப்படிப் பிறக்கிறது?

கேம் பாய் அட்வான்ஸ் 2001ஆம் ஆண்டில் வெளிவந்தது. உலகெங்கும் எட்டுக் கோடிக்கு மேல் விற்றது. எமரால்டு ஜப்பானில் 2004இலும் அமெரிக்காவில் 2005இலும் வந்தது. இன்று இந்தக் கேசட்டுகளை எவரும் புதிதாகச் செய்து விற்பதில்லை. ஆனால் ஆட விரும்புவோர் குறையவில்லை. ஆகவே பழையதற்கு விலை ஏறுகிறது. விலை ஏறும் இடத்தில் போலி முளைக்கிறது.

கேசட்டுக்குள் இருக்கும் ஆட்டம் வெறும் எண்களின் வரிசை. எமரால்டில் 16 மெகாபைட் அளவு. அதை ஓர் எழுத்துப் பிசகாமல் படியெடுக்க முடியும். கடைக்காரர் காட்டிய பெயருக்கும் இதே கதிதான். கருவி முடுக்கப்பட்டதும், தன்னுள் இருக்கும் நிண்டெண்டோ முத்திரையைக் கேசட்டில் பதிந்துள்ள முத்திரையோடு ஒப்பிட்டுப் பார்க்கும். ஒத்துப்போனால் மட்டுமே ஆட்டத்தைத் தொடங்கும். 1989இல் வந்த முதல் கேம் பாயிலிருந்தே இவ்வேற்பாடு உண்டு. போலி செய்பவன் என்ன செய்கிறான்? முத்திரையையும் சேர்த்தே படியெடுத்து விடுகிறான். வாயிற்காவலன் முத்திரையைப் பார்க்கிறானே தவிர, ஆளைப் பார்ப்பதில்லை. ஆகவே திரையில் பெயர் தோன்றுவது எதற்கும் சான்றாகாது.

கண்டுகொள்வது எப்படி?

முதலில் மேலே ஒட்டிய படத்தாளைப் பாருங்கள். அசல் கேசட்டின் படத்தாளில், பெரும்பாலும் வலப்புறமாக, மையின்றி அழுத்தப்பட்ட இரண்டு இலக்க எண் ஒன்று இருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் பள்ளமாகத் தெரியும். என் கேசட்டில் அது இல்லை. அடுத்து, படத்தாளில் அச்சிட்ட குறியீட்டைப் படியுங்கள். அமெரிக்க எமரால்டுக்கு 'ஏஜிபி-பிபிஇஇ-யுஎஸ்ஏ' என்றிருக்க வேண்டும். போலிகளில் வேறோர் ஆட்டத்தின் குறியீட்டைக் கூடக் காணலாம்.

பின்புறத் திருகாணி மூன்று இதழ் கொண்டது. சாதாரணக் கூட்டல் குறித் திருகாணி இருந்தால் சந்தேகம் கொள்ளுங்கள். மூன்று இதழ் இருந்தாலும் முழுதும் நம்பிவிட வேண்டாம். போலிக்காரனுக்கும் அந்தத் திருகாணி கிடைக்கும். கேசட்டின் வாயை உற்று நோக்கினால், பொன்னிறத் தொடுமுனைகளுக்குச் சற்று மேலே பலகையில் நிண்டெண்டோ என்ற பெயர் அச்சாகியிருக்க வேண்டும்.

ஐயம் தீரவில்லையா? திறந்து பாருங்கள். அசல் பலகையில் கால்கள் முளைத்த சில்லுகள் ஒழுங்காகப் பற்றவைக்கப்பட்டிருக்கும். போலிகள் பலவற்றில் கறுப்புப் பிசின் சொட்டு ஒன்று சில்லை மூடியிருக்கும்.

இனி மின்கலத்தைப் பற்றி ஒரு சொல். இதுதான் என் தம்பியின் கண்ணீருக்கு விடை. அசல் எமரால்டிலும் சிறு மின்கலம் உண்டு. ஆனால் அது கடிகாரத்தை ஓட்டுவதற்கு மட்டுமே. சேமித்த ஆட்டம் மின்சாரமின்றியே நினைவில் நிற்கும் வேறொரு சில்லில் இருக்கிறது. மின்கலம் தீர்ந்துவிட்டால், அசல் கேசட் அதைத் திரையிலேயே சொல்லிவிடும்: மின்கலம் தீர்ந்தது, ஆடலாம், கடிகாரம் சார்ந்தவை மட்டும் நடவா என்று. போலியில் செலவைக் குறைப்பதற்காக, மின்சாரம் இருந்தால்தான் நினைவு வைத்திருக்கும் சில்லைப் போட்டு, மின்கலத்தை அதற்கு முட்டுக் கொடுத்திருந்தார்கள். 3 வோல்ட் இருக்க வேண்டிய மின்கலத்தை மல்டிமீட்டரில் அளந்தேன். 1 வோல்ட்டைச் சற்றே தாண்டியிருந்தது. தம்பியின் விரல் எந்தத் தவறும் செய்யவில்லை.

எண்ணிப் பாருங்கள். அசல் தன் குறையைத் தானே ஒப்புக்கொள்கிறது. போலியோ கடைசி நாள் வரை குறையே இல்லாதது போல் நடிக்கிறது. மனிதரிடமும் இவ்விரு வகையை நாம் காணவில்லையா?

நகலே குற்றமா?

"ஆட முடிந்தால் போதாதா? அசலாவது, போலியாவது!" என்று விடுதி நண்பர் ஒருவர் வாதிட்டார். அவர் கூற்றில் ஓரளவு உண்மை இல்லாமலில்லை. 1983இல் ஜப்பானில் வந்த நிண்டெண்டோவின் 'ஃபேமிலி கம்ப்யூட்டர்' கருவியில் போலியைத் தடுக்கும் பூட்டு இல்லை. 1985இல் அமெரிக்காவுக்குச் சென்றபோதுதான் பூட்டுச் சில்லு வைத்தார்கள். பூட்டில்லாத அக்கருவியின் நகல்களே 1990களில் நம் நாட்டு வீடுகளுக்கு 'டி.வி. கேம்' என்று வந்து சேர்ந்தன. பல லட்சம் ஆட்டங்கள் என்று மேலே அச்சிட்ட கேசட்டில் உண்மையில் இருந்தவை ஒரு கைப்பிடி ஆட்டங்களே என்பதை நம் விரிவுரையாளர்களில் சிலர் நினைவு கூர்வார்கள். அந்த நகல்கள் இல்லையேல் மரியோவை நம் ஊர்ச் சிறுவர் பலர் அறிந்திருக்கவே மாட்டார்கள்.

நாமும் தூய்மையானவர்களா? விலை கொடுக்க இயலாத பாடநூலைச் செராக்ஸ் எடுத்துப் படிக்கிறோம். உழைத்து எழுதியவருக்கு அதில் ஒரு காசும் போவதில்லை என்பது நெஞ்சை உறுத்தவே செய்கிறது. ஆனால் எந்தச் செராக்ஸ் கடைக்காரரும் அதை மூல நூல் என்று சொல்லி மூல விலை வாங்குவதில்லை. படைத்தவனுக்கு இழைப்பது ஓர் அநீதி. வாங்குபவனிடம் பொய் சொல்வது அதன் மேல் ஏறிய இன்னோர் அநீதி. அந்த இரண்டாவது அநீதிக்கு ஏழ்மையைக் காரணம் காட்ட இயலாது. ஏனெனில் அது ஏழையின் மடியில்தான் கை வைக்கிறது.

இதை நான் எளிதாகச் சொல்லிவிடவில்லை. புது மின்கலத்தைப் பற்றவைத்த பின் கேசட் மீண்டும் ஓடியது. கடைக்கு வந்த ஒருவர் அதைக் கண்டு, கேட்ட விலை தருவதாகச் சொன்னார். ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்! அது என் பருவத் தேர்வுக் கட்டணத்துக்கு உதவியிருக்கும். வாய் திறக்காமலிருந்தால் போதும். பொய் கூடச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு நிமிடம் தடுமாறினேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. பிறகு, "இது நகல், சார்" என்றேன். அவர் கேசட்டை வைத்துவிட்டுப் போய்விட்டார். அன்று மாலையே அதன் முதுகில் மார்க்கர் பேனாவால் 'நகல்' என்று எழுதினேன். தம்பி இன்றும் அதில்தான் ஆடுகிறான்.

ஆகவே நண்பர்களே, பழைய பொருள் வாங்கும்போது, பணம் கொடுக்கும் முன் "திறந்து காட்டுங்கள்" என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். அறியாமல் விற்பவர் காட்டுவார், அவரும் கற்றுக்கொள்வார். அறிந்து விற்பவர் கோபப்படுவார், அங்கிருந்து நகர்ந்துவிடுங்கள். நம் துறை ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மின்னணுவியல் ஆய்வகத்தில் ஒரு நாள், அசல் பலகை ஒன்றையும் போலிப் பலகை ஒன்றையும் அருகருகே வைத்து மாணவர்களைப் பார்க்கச் சொல்லுங்கள். தேர்வுக்கு வராத பாடம்தான். ஆனால் வீட்டுக்குப் போய் ஒரு தம்பியிடம், "தப்பு உன்னுடையதில்லை" என்று சொல்ல உதவும் பாடம்.