மாத்திரையும் காலை உணவும்

ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களுக்கு விடியலில் வெறும் கடுங்காப்பியோடு வேலைக்குப் புறப்படுவோர் உண்டு. அவர்களுள் நீரிழிவுக்கு மாத்திரை உண்போருக்காகவே இம்மாதம் எழுதுகிறோம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தால் மாத்திரை வீட்டுக்கே வருகிறது, நல்லதே. ஆயினும் எல்லா மாத்திரைகளும் ஒன்றல்ல.

மெட்பார்மின், கல்லீரல் வெளிவிடும் சர்க்கரையைக் குறைக்கிறது. வயிற்றைச் சற்றுப் புரட்டுமாதலால் உணவோடு உண்பர். அதை மட்டும் உண்போர்க்குச் சர்க்கரை அபாயமாகத் தாழ்வது அரிது. கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு ஆகியவையோ கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்பவை. உணவு வந்ததா என்று அவை கேட்பதில்லை! அவற்றை விழுங்கிவிட்டு உண்ணாமல் சரிவேறினால் வியர்வை, நடுக்கம், பின்னர் மயக்கம். தவக்கால ஒருசந்தி இருப்போரும் முன்னதாகவே மருத்துவரைக் கேட்டறிவது அவசியம். தாமாக மாத்திரையை நிறுத்துவதும் தவறே.

தம் மாத்திரையின் பெயரை வீட்டார் அறிந்திருக்கட்டும். மடியில் சர்க்கரைப் பொட்டலம் ஒன்று இருக்கட்டும். நடுக்கம் கண்டதும் மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துப் பருகி, பிறகு உணவும் கொள்ள வேண்டும். அகார்போஸும் சேர்த்து உண்போர்க்குச் சர்க்கரை விரைந்து உதவாது. குளுக்கோஸ் பொடியே வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் புகட்டலாகாது. மருத்துவமனைக்கே கொண்டு செல்க.