முழங்காலுக்கும் பசிக்கும்

“முட்டி தேஞ்சு போச்சு, இனிமே ரொம்ப நடக்கக்கூடாது.” கல்யாண வீட்டிலோ கோயில் அன்னதான வரிசையிலோ வயதில் மூத்தவர்கள் இருவர் சந்தித்தால் இந்தப் பேச்சு எப்படியும் வந்துவிடும். கார் டயரைப் போல, ஓடினால் தேயும், நிறுத்தி வைத்தால் நிலைக்கும் என்று முழங்காலையும் நினைத்துவிடுகிறோம். முழங்காலின் கதையோ வேறு.

தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் சேரும் இடம் அது. முன்னால் காவலுக்கு முட்டிச் சில்லு. எலும்போடு எலும்பு உரசாமல் இருக்க, முனைகளில் சில மில்லிமீட்டர் தடிமனுக்கு வழவழப்பான குருத்தெலும்பு. இடையில், முட்டையின் வெள்ளைக்கரு போன்ற மூட்டுத் திரவம். ஆரோக்கியமான முழங்காலில் அது ஒரு தேக்கரண்டிகூட இருக்காது.

இந்தக் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. தனக்கு வேண்டிய சத்தைப் பெரும்பாலும் அந்தத் திரவத்திலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. காலை ஊன்றும்போது பஞ்சைப் போல அமுங்குகிறது. எடுக்கும்போது திரவத்தை உறிஞ்சுகிறது. நாற்காலியிலேயே கிடந்தால் இந்த வரவு குறையும். முழங்காலைத் தாங்கும் தொடைத் தசையும் மெலியும். பிறகு படி ஏறினால் வலி, வலித்தால் உட்காருவது, உட்கார்ந்தால் இன்னும் வலி.

என் அம்மா இந்தச் சுழலில்தான் மாட்டிக்கொண்டார். “பத்துமலைக்கு நீங்க போங்க, நான் கீழயே நிக்கிறேன்” என்றார். 272 படிகள், நாங்களும் வற்புறுத்தவில்லை. அடுத்து காலைச் சந்தைக்குப் போவதையும் விட்டுவிட்டார். பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்தது எளிய பயிற்சி: நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, சில நொடிகள் பிடித்து, மெதுவாக இறக்க வேண்டும். பிறகு தாமானைச் சுற்றி, தாங்குகிற அளவுக்கு நடை. இப்போது சந்தைக்கு அவரே போகிறார். பத்துமலைப் பேச்சை மட்டும் இன்னும் எடுக்கவில்லை.

உடல் எடைக்கும் இதில் பங்குண்டு. முழங்கால் தேய்மானமும் அதிக எடையும் உள்ளவர்களை ஆராய்ந்தபோது, 1 கிலோ எடை குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் விழும் பாரம் ஏறத்தாழ 4 கிலோ குறைவது தெரிந்தது.

மூட்டு வீங்கிச் சூடாக இருந்தால், அடிபட்டிருந்தால், கால் பாதியில் பூட்டிக்கொண்டு மடங்க மறுத்தால், முதலில் மருத்துவரைப் பாருங்கள். மற்றபடி, “உட்காருங்கம்மா, நான் எடுத்துட்டு வர்றேன்” என்று அன்போடு தடுப்பதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வோம். தண்ணீர் வேண்டுமா, அவர்களே எழுந்து போய் எடுக்கட்டும். நாள் முழுக்க கணினி முன் இருக்கும் நீங்களும் கூடவே எழுந்து நடங்கள்.