விமர்சனம் சொன்னால் பேய் பிடிக்குமா? 'டிடி' படங்களும் 'மொக்கை - செம' சண்டையும்

சனிக்கிழமை மாலை. புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்கள், பைக்கை ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே போனை எடுத்துவிடுவார்கள். "படம் எப்படி மச்சி?" என்று குரூப்பில் காலையிலேயே கேட்டு வைத்த கேள்விக்கு இரண்டு பதில் வந்திருக்கும். ஒன்று, "மரண மொக்கை, காசு வேஸ்ட்". இன்னொன்று, "செம, சிரிச்சு சிரிச்சு வயிறு வலிக்குது". இரண்டு பேரும் பார்த்தது ஒரே படம்.

வேறு எந்த வகைப் படத்தை விடவும் பேய் காமெடிக்குத்தான் இந்தச் சண்டை அதிகம். அதிலும் இரண்டாம் பாகம், மூன்றாம் பாகம் என்றால் கேட்கவே வேண்டாம். வாரத்தில் ஒரே ஒரு நாள் லீவ், கையில் அளவான காசு என்று இருப்பவர் எதை நம்பி டிக்கெட் போடுவது?

புதுச்சேரியில் நடந்த ஆட்டம்

சந்தானத்தின் 'டிடி' வரிசை இதற்கு நல்ல உதாரணம். ராம்பாலா இயக்கிய 'தில்லுக்கு துட்டு' 2016-ல் வந்தது. 2019-ல் அதன் இரண்டாம் பாகம். எஸ்.பிரேம் ஆனந்த் இயக்கத்தில் 'டிடி ரிட்டர்ன்ஸ்' 2023 ஜூலையில் வெளியானது.

'டிடி ரிட்டர்ன்ஸ்' கதை நடப்பதே புதுச்சேரியில்தான். ஒரு பழைய பங்களா, அதற்குள் ஒரு காலத்தில் சூதாட்டம் நடத்திய குடும்பம் பேயாக உலவுகிறது. மாட்டிக்கொண்டவர்கள் பேய் வைக்கும் ஆட்டத்தை ஆட வேண்டும். ஜெயித்தால் பணம், தோற்றால் உயிர் போகும். பேயைப் பார்த்து அலற வேண்டிய இடத்தில் மொட்டை ராஜேந்திரனும் ரெடின் கிங்ஸ்லியும் ஆட்டத்தின் ரூல்ஸ் பற்றி வாக்குவாதம் செய்யும் ரகம். படம் வசூலிலும் தேறியது. 'பழைய சந்தானம் திரும்பி வந்துட்டார்' என்பதுதான் அப்போது பரவலாகக் கேட்ட பேச்சு.

அதே கூட்டணி 2025 மே 16 அன்று 'டெவில்ஸ் டபுள் நெக்ஸ்ட் லெவல்' படத்தைக் கொண்டு வந்தது. இந்த முறை கருத்து இரண்டாகப் பிளந்தது. ஐடியா புதுசு என்றார்கள் சிலர். போன படத்தில் இருந்த சிரிப்பில் பாதி கூட இல்லை என்றார்கள் பலர்.

ஒரே படத்துக்கு ஏன் இரண்டு தீர்ப்பு?

இந்த வகைப் படங்கள் வேண்டுமென்றே ஓவராகப் போகும். மேக்கப் ஓவர், பின்னணி இசை ஓவர், நடிப்பும் ஓவர். படம் எடுப்பவருக்கும் அது தெரியும், பார்ப்பவருக்கும் தெரியும். இரண்டு தரப்பும் கண்ணடித்துக்கொண்டே ஆடும் ஆட்டம் இது. இந்த ரசனையைத்தான் ஆங்கிலத்தில் 'கேம்ப்' என்கிறார்கள். அமெரிக்க எழுத்தாளர் சூசன் சொன்டாக் 1964-லேயே இதைப் பற்றி ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதிவிட்டார்.

கோட்டை, சவப்பெட்டி, வௌவால், ரத்தம் குடிக்கும் பிரபு என்று வெளிநாட்டில் டிராகுலா செய்த வேலையை, நம் ஊரில் பாழடைந்த பங்களாவும் மாடியில் பூட்டிய அறையும் செய்கின்றன. பொருள்தான் மாறியிருக்கிறது, ஃபார்முலா அதேதான்.

சிக்கல் எங்கே வருகிறது? பயப்படுவதற்காகப் போனவர், சிரிப்பதற்காகப் போனவர், நண்பர்களோடு கத்திக் கூத்தடிக்கப் போனவர் என மூன்று பேர் ஒரே வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். இன்டர்வலில் மூவரும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள். கேள்வி என்ன என்பதைச் சொல்லாமல் 'மொக்கை' என்று மட்டும் பதில் வந்தால், அடுத்தவருக்கு அதில் உபயோகம் இல்லை.

'நெக்ஸ்ட் லெவல்' படத்தில் கௌதம் வாசுதேவ் மேனன் ராகவன் என்ற பெயரில் வருகிறார். அவர் இயக்கிய படங்களை வைத்தே அவரைக் கிண்டல் செய்கிறார்கள். அந்தப் படங்களைப் பார்த்தவருக்கு அது வெடிச் சிரிப்பு. பார்க்காதவருக்கு, 'எதுக்கு எல்லாரும் சிரிக்கிறாங்க?' என்ற குழப்பம்தான். இரண்டுமே பொய்யில்லை.

இரண்டாம் பாகத்தின் சாபம்

இது இன்றைய பிரச்னையும் இல்லை. பிரிட்டனின் ஹாமர் நிறுவனம் 1958-ல் கிறிஸ்டோபர் லீயை வைத்து 'டிராகுலா' எடுத்தது. 1960-ல் வந்த அடுத்த படத்தின் தலைப்பில் டிராகுலா உண்டு, படத்தில் டிராகுலா கிடையாது. 1966-ல் லீ திரும்பி வந்தார். ஆனால், அவருக்கு ஒரு வசனம்கூட இல்லை.

நமக்கு இதன் உள்ளூர் வடிவம் 'சந்திரமுகி 2'. 2005-ல் வந்த முதல் பாகத்தில் பேயே கிடையாது. கங்காவுக்கு வந்தது மனநலப் பிரச்னை என்று மருத்துவர் சரவணன் விளக்குவார். அந்த விளக்கம்தான் படத்தின் உயிர். 2023-ல் அதே பி.வாசு இயக்கிய இரண்டாம் பாகத்தில் ரஜினியும் இல்லை, ஜோதிகாவும் இல்லை. வடிவேலு மட்டும் திரும்பி வந்தார். அதைவிட முக்கியம், இதில் ஆவி நிஜமாகவே வருகிறது. 'பேய் இல்லை' என்று 18 வருஷம் முன்பு சொன்ன கதை, 'இருக்கு' என்று மாற்றிப் பேசினால் ரசிகர் கடுப்பாகத்தானே செய்வார்? ஆட்டத்தின் ரூல்ஸே மாறிவிட்டது என்பதுதான் அவருடைய கோபம்.

'டிடி' வரிசையில் அப்படி ஒரு ஏமாற்றம் இல்லை. ஒவ்வொரு படமும் தனிக்கதை. ஆனால், முந்தைய படத்தின் சிரிப்பு அடுத்த படத்துக்கு அளவுகோலாகிவிடுகிறது. 'நெக்ஸ்ட் லெவல்' மேல் வந்த குறைகளில் பாதி, 'ரிட்டர்ன்ஸ்' பார்த்த ஞாபகத்தில் இருந்து வந்தவை.

பேயே விமர்சகரைத் தண்டித்தால்?

இதில் பெரிய வேடிக்கை, 'நெக்ஸ்ட் லெவல்' கதையே விமர்சனம் பற்றியதுதான். சந்தானம் இதில் யூடியூப் விமர்சகர். பெயர் கிஸ்ஸா. செல்வராகவன் நடித்த ஹிட்ச்காக் இருதயராஜ் என்ற இயக்குநர் பேய், படங்களைக் கழுவி ஊற்றும் விமர்சகர்களைத் தியேட்டருக்கு வரவழைத்துப் பழி வாங்குகிறது. விமர்சகரும் அவர் குடும்பமும் படத்துக்குள்ளேயே சிக்கிக்கொள்கிறார்கள்.

திரையில் பேய் கேட்டதை, வெளியே சங்கங்கள் கொஞ்சம் மரியாதையாகக் கேட்டன. 'இந்தியன் 2', 'வேட்டையன்', 'கங்குவா' படங்களுக்கு வந்த கடும் விமர்சனங்களைத் தொடர்ந்து, தியேட்டர் வளாகத்துக்குள் யூடியூப் சேனல்கள் ரசிகர் கருத்து எடுக்க அனுமதிக்கக் கூடாது என்று தயாரிப்பாளர் சங்கம் 2024 நவம்பரில் கேட்டுக்கொண்டது. படம் வந்து முதல் மூன்று நாளுக்கு ஆன்லைன் விமர்சனத்துக்கே தடை வேண்டும் என்ற வழக்கும் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. புதுச்சேரியும் அந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள்தான் வருகிறது. விமர்சனம் கருத்துச் சுதந்திரம் சார்ந்தது என்று சொன்ன நீதிமன்றம், 2024 டிசம்பரில் இடைக்காலத் தடை விதிக்க மறுத்துவிட்டது.

கேரளத்தில் இதே விவகாரம் முன்பே சூடு பிடித்தது. அங்கே உயர் நீதிமன்றத்துக்கு உதவ நியமிக்கப்பட்ட வழக்கறிஞர், 48 மணி நேரம் பொறுத்து விமர்சிக்கலாம் என்று 2024-ல் யோசனை சொன்னார்.

தயாரிப்பாளர்களின் வலியைப் புரிந்துகொள்ளலாம். படத்தையே பார்க்காமல் திட்டுவது, காசு வாங்கிக்கொண்டு தூக்குவது, காசு தராததால் தாக்குவது என எல்லாம் நடப்பதாகத் துறையில் உள்ளவர்களே சொல்கிறார்கள். அதற்கு அவதூறுச் சட்டம், மோசடிச் சட்டம் என்று வழி இருக்கிறது. ஆனால், சொந்தக் காசில் டிக்கெட் எடுத்தவர் வாசலில் நின்று 'பிடிக்கல' என்று சொல்வதைத் தடுக்க எந்த நியாயமும் இல்லை. முதல் மூன்று நாள்தான் வசூல் நாள் என்று தயாரிப்பாளர் சொன்னால், அதே மூன்று நாளில்தான் ரசிகரின் காசும் கரைகிறது. ஹோட்டலில் சாப்பிட்டவர் மூன்று நாள் கழித்துத்தான் உப்பு அதிகம் என்று சொல்ல வேண்டும் என்றால் யார் ஒப்புக்கொள்வார்கள்?

அப்போ என்ன செய்யலாம்?

முதல் வேலை படம் எடுப்பவர்களுக்கு. டிரெய்லரில் ரத்தமும் அலறலும் காட்டி, தியேட்டருக்குள் முழுக்க மீம் காமெடி ஓட்டினால் திட்டு விழத்தான் செய்யும். என்ன வகைப் படம் என்று நேர்மையாகச் சொல்லிவிட்டால் பாதிப் பேர் தப்பான எதிர்பார்ப்போடு உள்ளே வர மாட்டார்கள்.

இரண்டாவது வேலை பார்த்தவர்களுக்கு. 'மொக்கை' என்று எழுதும் விரலால் இன்னும் ஒரே ஒரு வரி சேர்த்து எழுதலாம். 'பயம் சுத்தமா இல்ல, ஆனா செகண்ட் ஹாஃப்ல சிரிப்பு இருக்கு.' 'சினிமா ரெஃபரன்ஸ் தெரியலன்னா ஒட்டாது.' 'சின்னப் பசங்களைக் கூட்டிட்டுப் போகாதீங்க, டபுள் மீனிங் ஜாஸ்தி.' இவ்வளவுதான் விமர்சனம். இதை எழுத யூடியூப் சேனல் தேவையில்லை, எந்தத் தயாரிப்பாளரும் இதைப் பார்த்துக் கோர்ட்டுக்கு ஓட வேண்டியதும் இல்லை.

ஏனென்றால், அந்த ஒரு வரியை நம்பித்தான் மேட்டுப்பாளையத்தில் ஒருவர் பைக்கில் சாவியைப் போட்டபடி நிற்கிறார். தியேட்டர் பக்கம் திருப்புவதா, 'ஓடிடியில வரட்டும்' என்று வீட்டுக்கே போய்விடுவதா என்று அவர் முடிவு செய்ய வேண்டும்.