கிளை ரயிலும் நமது கடமையும்

விடியற்காலையில் கிளை ரயிலில் ஏறிப் பாருங்கள். நடவுக்குப் போகும் பெண்கள் தூக்குச்சட்டியுடன் கதவோரம் உட்கார்ந்திருப்பார்கள். இரவு ஷிப்டு முடித்த மில் தொழிலாளி சன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தூங்குவார். கீரைக் கட்டும் மீன் கூடையும் பள்ளிப் பிள்ளைகளின் பைகளும் ஒன்றாகக் கிடக்கும். இது நம்முடைய ரயில். பஸ்ஸுக்குக் கொடுத்தால் கூலியில் கடிக்கும் தூரத்தை இந்த ரயில் 10 ரூபாயில் கடத்திவிடுகிறது.

இந்த ரயிலைக் காப்பதற்கென்று பல ஊர்களில் பிரயாணிகள் சங்கம் இருக்கிறது. ஆனால் அதன் தலைவர் யார், காரியதரிசி யார் என்று கேட்டால் நம்மில் பலருக்குப் பெயர் தெரியாது. வருஷாந்தரக் கூட்டத்தில் பொறுப்புக்கு ஆள் கேட்கும்போது நாம் பின்வரிசையில் நிற்கிறோம். அல்லது கூட்டத்துக்கே போவதில்லை. இந்த நிலை மாறவேண்டும் என்பதே நமது கருத்து. தினசரி ரயிலில் போகிறவர்கள்தாம் சங்கத்தின் பொறுப்பை முன்வந்து ஏற்கவேண்டும்.

ஏன் என்பதற்குக் கடந்த கால அனுபவமே பதில் சொல்லும். மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு 1926ம் ஆண்டில் ரயில் வந்தது. 1986ம் ஆண்டில் நின்றது. பிறகு தண்டவாளமும் பெயர்க்கப்பட்டது. நீடாமங்கலம்-மன்னார்குடி ரயில் 1976ம் ஆண்டில் நிறுத்தப்பட்டு, 2011ம் ஆண்டில்தான் மீண்டும் ஓடியது. திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளி வரையிலான 37 கிலோமீட்டர், வேதாரண்யம் உப்பளத்து மக்களின் பாதை. அது 2004ம் ஆண்டில் மூடப்பட்டது. 2023ம் ஆண்டில் திறக்கப்பட்டது. மதுரை-போடி ரயில் அகலப்பாதை வேலைக்கென்று 2010ம் ஆண்டின் கடைசியில் நின்றது. தேனிக்கு 2022ம் ஆண்டிலும், போடிக்கு 2023ம் ஆண்டிலும்தான் திரும்பி வந்தது. தொண்ணூறு கிலோமீட்டர் பாதைக்குப் பன்னிரண்டு ஆண்டுகள்! ஐந்தாம் வகுப்பில் இருந்த பிள்ளை வளர்ந்து வேலைக்குப் போன பிறகே அந்த ஊர் மக்கள் ரயிலைக் கண்டார்கள்.

கிளை ரயிலை நிறுத்துவது சுலபம். திரும்பக் கொண்டுவருவது ஒரு தலைமுறையின் வேலை. ஆகவே, நின்ற பிறகு கூக்குரலிடுவதைவிட, ஓடும்போதே காவல் இருப்பது மேல்.

சங்கம் வைத்து என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு அண்மையில் நடந்ததையே சொல்கிறோம். 2020ம் ஆண்டு மார்ச் மாதம் கொரோனாவுக்காக நிறுத்தப்பட்ட பாசஞ்சர் ரயில்கள் திரும்ப ஓடியபோது, ஸ்பெஷல் என்றும் எக்ஸ்பிரஸ் என்றும் பெயர் மாறியிருந்தன. அதே பெட்டி, அதே வேகம், அதே ஸ்டேஷன்கள். ஆனால் குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாய் 30 ரூபாயாகிவிட்டது. போகவர நாளுக்கு 40 ரூபாய் கூலியிலிருந்து பறிபோயிற்று. நாடெங்கும் பிரயாணிகள் சங்கங்கள் மகஜர் மேல் மகஜர் கொடுத்தன. 2024ம் ஆண்டு பிப்ரவரியில் பழைய கட்டணம் திரும்பி வந்தது. யாரும் கேட்காமலே வந்திருக்கும் என்று எண்ணுகிறவர்கள் எண்ணிக்கொள்ளட்டும்.

இன்று பல ஊர்களில் சங்கத்தை நடத்துகிறவர்கள் வியாபாரிகளும் ஓய்வு பெற்ற உத்தியோகஸ்தர்களும்தான். அவர்களை நாம் குறை கூறவில்லை. தங்கள் நேரத்தையும் பணத்தையும் செலவிட்டு அவர்கள் உழைத்திருக்கிறார்கள். ஆனால் அவரவர் காலில் குத்திய முள்தானே அவரவருக்குத் தெரியும்! சென்னைக்குப் போகும் எக்ஸ்பிரஸ் நம் ஊரில் நிற்கவேண்டும் என்பது அவர்களுடைய முதல் கோரிக்கை. அதுவும் நியாயமே. ஆனால் காலை ரயில் இருபது நிமிஷம் பிந்தினால் மில் கேட் மூடிவிடும், அரை நாள் கூலி போய்விடும் என்பதை யார் எடுத்துச் சொல்வது? ஸ்டேஷனில் குடிதண்ணீர் இல்லை, பெண்களுக்குக் கழிப்பிடம் பூட்டிக் கிடக்கிறது என்பதை யார் முதல் கோரிக்கையாக வைப்பது? அங்கே நம் ஆள் இருந்தால்தான் நம் பேச்சு எழும்.

"கூலிக்காரன் கூட்டத்துக்குப் போனால் அடுப்பு எரியுமா?" என்று ஒரு தோழர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆகவே கூட்டத்தைச் சாயங்கால ரயில் வந்ததும் ஸ்டேஷன் வாசலிலேயே நடத்துங்கள். ஒருவர் தலையில் எல்லாவற்றையும் சுமத்தாமல் ஐந்து பேர் பொறுப்பைப் பங்கிடுங்கள். அதில் இரண்டு பேராவது பெண்களாக இருக்கட்டும். அதிகாரியைப் பார்க்கப் போகிறவரின் அன்றைய கூலியைச் சங்க நிதியிலிருந்து கொடுங்கள். அது தர்மம் அல்ல, நியாயம்.

"எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதே!" என்று இன்னொருவர் சொல்லலாம். எழுதுவதற்குக் கல்லூரிப் பிள்ளை ஒன்று கிடைக்கும். எதை எழுதவேண்டும் என்று சொல்ல ரயிலில் போகிறவர்தான் வேண்டும். ரயில் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை பேர் நின்றுகொண்டு போனார்கள் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாள்தோறும் குறித்து வையுங்கள். மூன்று மாதக் கணக்குக்கு முன்னால் எந்த அதிகாரியும் "அப்படியெல்லாம் இல்லையே" என்று சொல்ல முடியாது. 2005ம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி ரயில்வே நிர்வாகத்தைக் கேள்வி கேட்க 10 ரூபாய்தான் கட்டணம். நம் டிக்கெட்டின் விலை! வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவருக்கு அதுவும் இல்லை. சங்கத்தைப் பதிவு செய்யுங்கள். கோட்ட அளவிலும் மண்டல அளவிலும் உள்ள ரயில் உபயோகிப்போர் ஆலோசனைக் குழுக்களில் இடம் கேட்பதற்கு அது வழி.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். ரயில் தாமதமானால் ஸ்டேஷன் மாஸ்டரிடமும் கேட் கீப்பரிடமும் சண்டைக்குப் போவது சங்கத்தின் வேலை அல்ல. திருவாரூர்-காரைக்குடி அகலப்பாதையில் 2019ம் ஆண்டில் ரயில் ஓடத் தொடங்கியபோது என்ன நடந்தது? கேட்டுகளுக்கு ஆள் நியமிக்கப்படவில்லை. ஆகவே ரயிலிலேயே ஊழியர்கள் ஏறி வந்தார்கள். கேட்டுக்குக் கேட் ரயில் நின்றது. ஒருவர் இறங்கிக் கேட்டை மூடினார். ரயில் கடந்ததும் திறந்துவிட்டு ஓடிவந்து ஏறினார். ஏறத்தாழ 150 கிலோமீட்டருக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. வெயிலில் இறங்கி ஏறிய அந்த ஊழியரா இதற்குக் குற்றவாளி? காலியிடத்தை நிரப்பு என்ற அவருடைய கோரிக்கையும், ரயிலை நேரத்துக்கு விடு என்ற நம்முடைய கோரிக்கையும் ஒன்றேதான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும், கசந்தாலும் சொல்லவேண்டும். டிக்கெட் வாங்காமல் ஏறுவது நம் கையால் நம் ஸ்டேஷனை மூடுவதாகும். நூறு பேர் ஏறி முப்பது டிக்கெட் விற்றால் நிர்வாகத்தின் கணக்கில் முப்பது பேர்தான். அந்த முப்பதைக் காட்டித்தான் சின்ன ஸ்டேஷன்களுக்கு வேட்டு வைக்கிறார்கள். "டிக்கெட் வாங்கு" என்று கூச்சப்படாமல் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லக்கூடியவரே சங்கத்துக்குத் தலைவராக இருக்கத் தகுந்தவர்.

தலைமை என்பது மாலைக்கு நீட்டும் கழுத்து அல்ல, சுமைக்குக் கொடுக்கும் தோள். மந்திரி வரும் நாளில் மட்டும் பிளாட்பாரத்தில் காணப்படுகிறவர் நமக்கு வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரவு செலவைப் பிரயாணிகள் முன்னால் படித்துக் காட்டுகிறவர் வேண்டும். இரண்டாண்டு உழைத்துவிட்டு அடுத்தவரைப் பழக்கிப் பொறுப்பை ஒப்படைக்கிறவர் வேண்டும். எந்தக் கொடியைப் பிடித்தவராயினும், எந்தத் தெருவில் பிறந்தவராயினும், ரயிலில் ஏறுகிறவர் அனைவரும் சங்கத்தின் உறுப்பினரே.

நாளைக் காலை ரயிலில் பக்கத்தில் இருப்பவரிடம் இதைப் பற்றிப் பேசுங்கள். சங்கம் இருக்கும் ஊரில் அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். இல்லாத ஊரில் ஐந்து பேர் கூடித் தொடங்குங்கள். பொறுப்புக்கு ஆள் கேட்கும்போது பின்வரிசையிலிருந்து ஒரு கை உயரட்டும். உழைத்துக் காய்த்த கையாக அது இருக்கட்டும்.