குருதியின் கணக்கும் கடிகாரத்தின் கணக்கும்

நம் உடலில் பெரிய செலவாளி யார் என்று கேட்டால் வயிறு என்போம். தவறு! மூளைதான். எடையில் 100க்கு 2 பங்கே இருந்துகொண்டு, இதயம் அனுப்பும் குருதியில் ஏறத்தாழ 15 பங்கைத் தனக்கென்று வாங்கிக்கொள்கிறது. சேமித்து வைக்கும் பழக்கமும் அதற்கில்லை. 100 கிராம் மூளைக்கு நிமிடத்திற்குச் சுமார் 50 மில்லி லிட்டர் குருதி ஓட வேண்டும். அது 20க்குக் கீழே இறங்கினால் அப்பகுதி வேலையை நிறுத்திவிடும். 10க்கும் கீழே போனால் உயிரணுக்கள் மடியத் தொடங்கும். இந்த இரண்டு எண்களுக்கும் இடையே ஊசலாடும் பகுதி இருக்கிறதே, அதைப் பற்றித்தான் எழுத வந்தேன். என் பெரியப்பாவின் வலக்கையை நாங்கள் தொலைத்தது அங்கேதான்.

விசைத்தறியில் 30 ஆண்டுகள் நின்றவர் அவர். ஒருநாள் விடியற்காலையில் வாய் கோணி, பேச்சுக் குழறி எழுந்தார். "காத்துப் பட்டிருக்கும்" என்றாள் பாட்டி. எண்ணெய் காய்ச்சித் தேய்த்தோம். மதுரையிலிருந்து அண்ணன் வரட்டும் என்று காத்திருந்தோம். சங்கரன்கோவிலிலிருந்து திருநெல்வேலி 50 கி.மீ.க்குச் சற்று மேல். அதைக் கடக்க எங்களுக்கு 14 மணி நேரம் ஆயிற்று! கல்லூரியில் படிப்பவன் என்ற பெயரோடு நானும் அந்த வீட்டில்தான் இருந்தேன். "கடைசியா எப்ப நல்லா இருந்தார்?" என்று மருத்துவர் கேட்டார். முந்திய இரவு பத்து மணிக்கு என்றோம். அவர் ஒன்றும் சொல்லாமல் படத்தைக் காட்டினார். காப்பாற்றக்கூடிய பகுதி என்று அதில் எதுவும் மிஞ்சவில்லை.

அந்தப் படம் எப்படி அறிகிறது என்று பின்னர் தேடிப் படித்தேன். காடோலினியம் கலந்த மருந்தை நரம்பில் செலுத்தி, அது மூளைக்குள் பாய்ந்து வெளியேறுவதை எம்.ஆர்.ஐ. கருவியால் நொடிக்கு நொடி படமெடுப்பது ஒரு முறை. இன்னொன்றில் ஊசியே இல்லை. கழுத்தில் ஏறும் குருதியிலுள்ள நீருக்கு வானொலி அலையால் காந்த அடையாளம் இடுகிறார்கள். பாவில் ஒரு நூலுக்கு மட்டும் சாயமேற்றி, அது எங்கே போகிறதென்று பார்ப்பது போல! அச்சாயம் சில நொடிகளில் மறைந்துவிடும். ஓரிரு நொடி கழித்து மூளையைப் படமெடுத்து, அடையாளமிடாத படத்திலிருந்து கழித்தால் கிடைக்கும் வேறுபாடு 100இல் 1 பங்கு அளவே. ஆகவே திரும்பத் திரும்ப எடுத்துச் சராசரி காண்கிறார்கள். 1992இல் ஜான் டெட்ரே முதலிய அமெரிக்க அறிஞர்கள் எலியின் மூளையில் இதைச் செய்து காட்டினர். காந்தம் என்றதும் இயற்பியல் துறையார், பொருள்களின் காந்தப் பண்பை ஆராய்ந்த கே.எஸ். கிருஷ்ணன் நம் பக்கத்து வத்திராயிருப்பில் 1898இல் பிறந்தவர் என்பதை நினைவூட்டுவர். பெருமைதான், அதனால் பெரியப்பாவின் கை அசையப் போவதில்லை.

அடைப்பைக் கரைக்கும் மருந்துக்குப் பொதுவாக நாலரை மணி நேரமே கெடு. ஆனால் பெரிய குழாய் அடைபட்டவர்களில், பிழைக்கும் பகுதி மிச்சமிருப்பதைக் குருதியோட்டப் படத்தால் கண்டுகொண்டு, 6 முதல் 16 மணி நேரத்திற்குள் அடைப்பை எடுத்தபோது 100க்கு 45 பேர் பிறர் துணையின்றி வாழும் நிலை பெற்றனர். எடுக்காதவர்களில் 17 பேரே. இது 2018இல் வெளிவந்த டிஃப்யூஸ்-3 ஆய்வின் முடிவு.

வட்டத்துக்கு ஒரு கருவி வேண்டும் என்று நண்பர்கள் வாதிடுகிறார்கள். வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆனால் அன்று எங்கள் தெருவிலேயே கருவி இருந்திருந்தாலும் நாங்கள் எண்ணெய்தான் காய்ச்சியிருப்போம். எங்களுக்கு நோய் இன்னதென்றே தெரியவில்லையே!

ஆகவே நாட்டு நலப்பணித் திட்டத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆடித் தபசுக்கு நம் ஊரில் கூடும் கூட்டம் கொஞ்சமா? இவ்வாண்டு தண்ணீர்ப் பந்தலோடு ஒரு துண்டறிக்கையும் கொடுப்போம். முகம் கோணினால், ஒரு கை தளர்ந்தால், பேச்சுக் குழறினால் மணியைப் பார்த்துக் குறித்துக்கொண்டு உடனே 108ஐ அழையுங்கள் என்ற அளவில் இருந்தால் போதும். அச்சுக்கூலியில் என் பங்கை இப்போதே தந்துவிடுகிறேன்.